தம்பி செத்த பக்கம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. போரில் தம்பியைப் பறிகொடுத்த நர்ஸ் ஒரு புத்தகம் எழுதினாள். அவனை வெட்டிக் கொன்றதை விவரிக்கும் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார் பதிப்பாளர்.

“படிக்கிறவங்க சோறு திங்க வேணாமாக்கா?”

“நடந்ததை அப்படியே எழுதலைன்னா, அவன் காய்ச்சல்ல செத்தான்னு ஆயிடும்.” அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அழுகை வற்றி நாளாகிவிட்டது.

பதிப்பாளர் அச்சுக்கு அனுப்பினார். அந்தப் பக்கம் ஏறியதும் இயந்திரமே மையைக் கக்கியது. மெஷின்காரர் கறி தின்பதை விட்டார். முதல் பிரதியைப் படித்த தளபதி ஒருவர் துப்பாக்கியைக் கிணற்றில் போட்டுவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். அவள் மட்டும், தம்பியின் சட்டை நீலம் என்று சரியாக அச்சாகியிருக்கிறதா எனப் பார்த்துவிட்டு ஊசி போடக் கிளம்பினாள்.

பதிப்பாளர் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றிக் கடைக்கு அனுப்பிய புத்தகத்தில் தம்பி காய்ச்சலில் செத்திருக்கிறான்.