தீய்ந்த பருப்பும் வியாழக்கிழமை வெற்றிகளும்

லிப்னோவ் கால்பந்துக் கழகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பதினைந்து வருடமாகச் சமைத்துவந்த ஹெட்விகா, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தன் தங்கையோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். செத்துப்போன அப்பாவின் சைக்கிள் யாருக்கு என்பதுதான் தகராறு. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பருப்பு அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. வேறு சமைக்க நேரமில்லை. மேலே அவித்த முட்டையை வைத்து, பக்கத்தில் வெள்ளரி ஊறுகாயைப் போட்டு, முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு பரிமாறினாள். ஆட்டக்காரர்கள் தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினார்கள்.

அன்று மாலைதான் கழகத்தின் வரலாற்றிலேயே முதல் ஐரோப்பியப் போட்டி. மே மாதம் நாட்டுக் கோப்பையை எப்படியோ தட்டிக்கொண்டு வந்ததால் கிடைத்த வாய்ப்பு. வந்த நார்வேக்காரர்களை மூன்றுக்குப் பூஜ்யம் என்று அடித்து அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உள்நாட்டு லீக் ஆட்டம். செய்த தப்புக்குப் பரிகாரமாக ஹெட்விகா மாட்டிறைச்சிக் குழம்பும் மாவு உருண்டையும் செய்தாள். எல்லோரும் மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பட்டியலில் கடைசியில் கிடந்த அணியிடம் தோற்றுவிட்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை பயிற்சியாளர் ராதிம் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"வியாழக்கிழமை நார்வேல மறு ஆட்டம். நீங்களும் வர்றீங்க, ஹெட்விகா. உங்க பாத்திரத்தையும் எடுத்துக்குங்க."

"என்ன சமைக்கணும், கோச்?"

"அன்னிக்குச் செஞ்சதேதான்."

"அது அடிப்பிடிச்சுப் போச்சே."

"தெரியும். அதே அளவுக்குப் பிடிக்கணும்."

நார்வே ஓட்டல் சமையலறையில் தாடிக்கார இளைஞன் ஒருவன் அவள் பருப்பைக் கருக விடுவதைப் பார்த்துப் பதறி அடுப்பை அணைக்கப் போனான். அவள் அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். அபாய மணி அலறியது. ஓட்டல் முழுக்கக் குளியல் அங்கியோடு மழையில் நின்றது. தீயணைப்பு வண்டி வந்து போனபிறகு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆட்டம் சமன். முதல் ஆட்டத்து மூன்று கோலும் சேர்ந்ததால் அடுத்த சுற்றுக்குப் போயாகிவிட்டது.

இலையுதிர்காலம் முழுக்க இதே கதை. வியாழக்கிழமைகளில் டேனிஷ்காரன், சுவிஸ்காரன் என்று வந்தவனெல்லாம் அடிவாங்கிப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் லிப்னோவ் வாங்கிக் கட்டிக்கொண்டது. ஒரு ஞாயிறன்றும் பருப்பைத் தீய்க்கச் சொல்லிப் பார்த்தார் ராதிம். நான்கு கோல் வாங்கினார்கள். ஆக, தீய்ந்த பருப்பு வியாழக்கிழமைதான் வேலை செய்யும் என்ற முடிவுக்கு வந்தார். அவரோடு யாரும் வாதாடவில்லை.

செய்தித்தாளில் ஹெட்விகாவின் படம் வந்தது. எதிரணி ரசிகர்கள், 'உங்க பருப்பு இங்க வேகாது' என்று துணியில் எழுதிப் பிடித்தார்கள். அவள் பிரமாதமாகச் செய்யும் பிளம் பழ உருண்டையைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

ஒருநாள் கணவன் லூபோர் சொன்னான்: "சந்தையில ஒருத்தன் கேட்டான், 'உன் பொண்டாட்டி வீட்லயும் தீய்ச்சுத்தான் போடுவாளா'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"வியாழக்கிழமை மட்டும்னேன்."

இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை.

மார்ச் மாதம் இத்தாலிய அணி வந்தது. அங்கே போய் ஆடியதில் சமன். இங்கே ஜெயித்தால் காலிறுதி. அன்று காலை இத்தாலியத் தொலைக்காட்சிக்காரர்கள் காமிராவோடு சமையலறைக்கு வந்துவிட்டார்கள், சாப்பாட்டை ருசி பார்க்க. போயும் போயும் இத்தாலிக்காரனுக்கா தீய்ந்ததைப் போடுவது? ஹெட்விகாவால் முடியவில்லை. வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, கடைசியில் அளவாக வினிகர் விட்டு, தாயாருக்குச் செய்வதுபோல் செய்தாள்.

கேப்டன் மத்யாஷ் ஒரு கரண்டி வாயில் வைத்தான். சாவுச் செய்தி கேட்டவன் மாதிரி ஆனது அவன் முகம்.

"அக்கா, இது நல்லா இருக்கு."

"சாப்பிடு."

"ரொம்ப நல்லா இருக்குக்கா."

"காமிரா பாக்குது. சிரிச்சுக்கிட்டே சாப்பிடுடா."

ராதிமுக்குக் கடும் ஜலதோஷம். இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, "பதமாத் தீய்ஞ்சிருக்கு" என்று பாராட்டினார்.

நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். மறுநாள் ஹெட்விகா அவர் அறைக்குப் போய் நடந்ததை ஒப்புக்கொண்டாள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருந்துச்சா?"

"எது, கோச்?"

"பருப்பு. எனக்குத்தான் ருசியே தெரியலையே."

"பசங்க ஒருத்தன்கூட மிச்சம் வைக்கல."

"அவங்க முன்கள ஆட்டக்காரன் ரெண்டு மீட்டர் ஒசரம் இருக்கான். பருப்பு என்ன பண்ணும்?" என்றார் அவர். ஏழு மாதத்தில் அவர் சொன்ன முதல் புத்தியுள்ள பேச்சு. "ஆனா வெளிய சொல்லாதீங்க. பத்திரிகைக்காரங்க இப்ப நடுவரைத் திட்டிக்கிட்டிருக்காங்க. அப்படியே இருக்கட்டும்."

வியாழக்கிழமை ஐரோப்பிய ஓட்டம் நின்றதும் பையன்களின் கால்களுக்கு உயிர் வந்தது. ஏப்ரலில் இரண்டு, மே மாதத்தில் இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். லீக்கிலிருந்து கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படாமலிருக்கக் கடைசி ஆட்டத்தில் ஒரு சமன் போதும்.

அன்று ஹெட்விகா பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு, பதினைந்து வருடத்தில் முதல்முறையாகப் பார்வையாளர் பக்கம் லூபோரோடு வந்து நின்றாள். பந்து அங்கே போனது, இங்கே வந்தது. பிறகு விசில் ஊதினார்கள். சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் அழுதார்கள்.

"யாரும் கோல் போடலையே?"

"போடலை."

"அப்ப எதுக்கு அழறாங்க?"

"சந்தோஷத்துல, ஹெட்விகா."

தொண்ணூறு நிமிஷம் ஒன்றுமே நடக்காததற்கா இத்தனை சந்தோஷம் என்று அவள் கேட்க வாயெடுப்பதற்குள், முன்பின் தெரியாத ஒரு மீசைக்காரர் அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். லூபோர் தடுக்கவில்லை. அவனை வேறொருத்தி இறுக்கிப் பிடித்திருந்தாள்.