யாரிடமும் சொல்லக் கூடாத எண்

உலகக் கோப்பைக்கு டிக்கெட் கிடைக்காத ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாதவர்களுக்காகவே அந்தக் கூடத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். பெயர் என்னவோ உதவி மையம். உதவி என்று ஒரு மண்ணும் அங்கே கிடையாது. டிக்கெட் விற்பது எங்கோ இருக்கிற கம்ப்யூட்டர். பணத்தை எடுத்துக்கொள்வதும் அதுதான், டிக்கெட்டை அனுப்பாமல் கழுத்தறுப்பதும் அதுதான். அதைத் திட்டினால் அதற்கு உறைக்காது என்பதால், திட்டு வாங்க மட்டும் மனிதர்களை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

அப்படித் திட்டு வாங்கி வயிறு கழுவுகிறவர்களில் ஒருத்தி மூன்றாம் மேஜைக்காரி. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, மேஜை எண்தான். தமிழில் பேச வேண்டும் என்று பொத்தானை அழுத்துகிறவர்கள் வந்து விழ இருந்ததே மூன்று மேஜைகள். ஒன்றாம் மேஜைக்காரர் வயிற்றுவலி என்று பாதி நாள் எழுந்து போய்விடுவார். இரண்டாம் மேஜை அக்கா ஆற அமரப் பேசுகிற ரகம், ஒருவரைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள். மிச்சமெல்லாம் இவள் தலையில்.

காலையிலிருந்து வரிசையில் இருந்தேன், என் முறை வந்ததும் திரை வெள்ளையாகிவிட்டது என்பார் ஒருவர். புருஷனுக்கு வடக்குப் பக்கம், பெண்டாட்டிக்குத் தெற்குப் பக்கம் இடம் போட்டிருக்கிறீர்களே, எங்களுக்குள் சண்டை என்று உங்களுக்கு யார் சொன்னது என்பார் இன்னொருவர். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அழாத குறை. "படகைத் தொடு, பஸ்ஸைத் தொடு, நீ மெஷின் இல்லன்னு நிரூபின்னு கேட்டுச்சும்மா. நிரூபிச்சு முடிக்கிறதுக்குள்ள டிக்கெட் தீர்ந்துபோச்சு. நான் மனுஷன்தான்னு நீயாவது எழுதிக் குடேன்" என்றார். அவருக்குப் பாவம் பார்க்கலாம். மற்றவர்கள் நேராக அவள் பிறப்பு வளர்ப்புக்கே போய்விடுவார்கள்.

எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது. 'இல்லை' என்ற சொல்லே அங்கே தடை. 'தற்சமயம் திரையில் காட்டவில்லை, ஐயா' என்றுதான் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் யாராவது லைனில் வந்தால் கையைத் தூக்கி வேறு மேஜைக்கு மாற்றிவிட வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய விதி, அழைத்தவர் வைக்கும்வரை இவர்கள் வைக்கக் கூடாது. அவன் குடும்பத்தையே இழுத்துத் திட்டினாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதையெல்லாம் கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஒட்டுக் கேட்பதற்கென்றே ஒரு மேலாளர் இருந்தார். அவருக்கு இவர்கள் வைத்த பெயர் 'காது'. கோப்பை முடியும்வரை புகார் இல்லாமல் ஓட்டுகிறவர்களுக்கு வேலை நிரந்தரம் என்று காது சொல்லியிருந்தார். மூன்றாம் மேஜைக்காரியின் ஒற்றை அறை வாடகையும் மகளின் பள்ளிச் செலவும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன.

போனில் திட்டு வாங்குவது அவளுக்குப் புதிதல்ல. போனை வைத்துவிடுவார்களே, அதுதான் அவளுக்கு ஆறாத புண். கை நீட்டுகிற புருஷனிடமிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றபோது, அண்ணன் சங்கிலியைக்கூடக் கழற்றாமல் கதவிடுக்கு வழியாகப் பேசினான். "என் பையனுக்கு நாளைக்குப் பொண்ணு பார்க்கணும். நீ இப்படி வந்து நின்னா எவன் குடுப்பான்?" அவ்வளவுதான், தலைமுழுகிவிட்டான். அதற்குப் பிறகு இவள் எத்தனை முறை கூப்பிட்டாலும் தொண்டையை ஒரு தடவை செருமுவான், வைத்துவிடுவான். மானங்கெட்ட மனசு அதற்குப் பிறகும் அடங்கவில்லை. மூன்று வருடமாக, போன் அடிக்கும்போதெல்லாம் அண்ணனாக இருக்குமோ என்றுதான் முதலில் பார்த்தாள். அவனாக ஒரு தடவை கூப்பிட்டால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடத் தயாராக இருந்தாள்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளைக்கு முன் லைனில் ஒரு செருமல் கேட்டது.

"ஒரு வாரமா கத்திட்டிருக்கேன். உங்க ஆபீஸ்ல மனுஷங்க இருக்கீங்களா, இல்ல மாட்டைக் கட்டி வச்சிருக்கீங்களா?"

அண்ணன். அவனுக்கு இவள் யார் என்று தெரியவில்லை. மேஜைக்கு வந்தால் அவள் குரல் மாறிவிடும், புத்தகத் தமிழ் வேறு. அதையும் தாண்டி, தங்கை பேசுவதை ஒரு நாளாவது முழுசாகக் காது கொடுத்துக் கேட்டிருந்தால்தானே குரல் அடையாளம் தெரியும்.

அவள் கை மேலே போனது. பாதியில் இறங்கிவிட்டது. விதிப்படி இரண்டாம் மேஜைக்குத் தள்ளியிருக்க வேண்டும். மாட்டினால் வேலை போகும் என்றும் தெரியும். ஆனால் மூன்று வருடத்தில் முதல்முறையாக அண்ணன் போனை வைக்காமல் அவளிடம் பேசிக்கொண்டிருந்தான். திட்டத்தான் செய்கிறான், திட்டட்டுமே என்று இருந்தது.

"சிரமத்துக்கு வருந்துகிறோம், ஐயா. என்ன பிரச்சினை என்று சொல்லுங்கள்."

இறுதி ஆட்டத்துக்கு நான்கு டிக்கெட். பணம் போய்விட்டது. டிக்கெட்டைத் திறக்க ஓடிபி கேட்கிறதாம், 'மீண்டும் அனுப்பு' என்பதை அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்ததுதான் மிச்சம், ஒரு எண்ணும் வரவில்லையாம். இன்றைக்குள் திறக்காவிட்டால் டிக்கெட் மறுபடி விற்பனைக்குப் போய்விடும் என்று மிரட்டல் வந்திருக்கிறது. டிக்கெட் சம்பந்திக்காக. பையனுக்குப் பேசி முடித்திருக்கிற பெண்ணின் அப்பா ஆட்டப் பைத்தியம், கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாயைக் கொடுத்தாயிற்று.

"அவர் ஊரெல்லாம் சொல்லிட்டாரு. இப்ப கிடைக்கலைன்னா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறது? நீயா வந்து பதில் சொல்லுவே?"

அவள் கணக்கைத் திறந்தாள். பதிவு செய்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் திரையில் தெரிந்தது. அதைப் பார்த்ததும் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

அது அவளுடைய எண்.

அம்மா இருந்த காலத்தில் கரண்ட் பில், கேஸ், ரயில் டிக்கெட் எல்லாமே அந்த வீட்டில் இவள் தலையில்தான். அண்ணன் ஏதோ ஒரு ஆட்டத்துக்கு டிக்கெட் கேட்டபோது கணக்கைத் தொடங்கிக் கொடுத்ததும் இவள்தான். எண் கேட்டபோது அவனுக்குப் பொறுமையில்லை. "உன்னோடதையே போட்டுத் தொலை" என்றான். போட்டுத் தொலைத்தாள். இப்போது ஒரு வாரமாக அவள் போனுக்குச் சம்பந்தமில்லாமல் ரகசிய எண்கள் வந்துகொண்டிருந்தன. 'இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்' என்று அடியில் ஒரு வரி. தினமும் ஊரார்க்கெல்லாம் மோசடி மெசேஜைப் பற்றி எச்சரிக்கிறவள், தன் போனுக்கு வந்ததைச் சும்மா விடுவாளா? எந்தத் திருட்டுப்பயல் வேலையோ என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் அழித்திருந்தாள்.

"ஐயா, பதிவு செய்த எண் நான்கு, ஏழு என்று முடிகிறது. ரகசிய எண் அதற்குத்தான் போயிருக்கிறது."

"என் நம்பர் அது இல்லையே." குரல் தாழ்ந்தது. "அது... என் தங்கச்சி நம்பரு."

"அவரிடம் கேட்டுச் சொன்னால் உடனே டிக்கெட்டைத் திறந்துவிடலாம், ஐயா."

சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். சரி, கேட்கிறேன் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தாள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் எதிர்பார்த்தாள்.

"அவ இல்லம்மா" என்றான். "செத்துட்டா."

கூடத்தில் குளிர்சாதனம் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. பக்கத்து மேஜை அக்கா யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடி அறையில் காது தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார், இவளுடைய லைனாகவும் இருக்கலாம்.

அவள் முன்னால் ஒட்டியிருந்த அட்டையில் இதற்கும் வசனம் இருந்தது. கணக்கோடு சம்பந்தப்பட்டவர் இறந்துவிட்டதாகச் சொன்னால் முதலில் இரங்கல் சொல்ல வேண்டும். அவள் அட்டையைப் பார்த்து வாசித்தாள். அட்டை இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

"உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம், ஐயா. எப்போது இறந்தார்?"

"அது ஆச்சு, மூணு வருஷம்."

புதுப் பொய் இப்படித் தடங்கல் இல்லாமல் வராது. நாலு இடத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய் அது. சம்பந்தி வீட்டிலும் இதைத்தான் சொல்லியிருக்கிறான். கல்யாணப் பேச்சில் தங்கை எங்கே என்று அவர்கள் கேட்டிருப்பார்கள், இவனும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு செத்துவிட்டாள் என்று சொல்லியிருப்பான். அண்ணியும் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்திருப்பாள். இவளுக்கு அழுகை வரவில்லை. வெறுப்புதான் பொங்கிக்கொண்டு வந்தது. மூன்று வருடமாக ஒவ்வொரு முறையும் ஓடி ஓடிப் போனை எடுத்துப் பார்த்த தன் மேலேயே அதில் பாதி.

"எண்ணை மாற்ற இறப்புச் சான்றிதழ் தேவைப்படும், ஐயா. அனுப்பினால் பத்து வேலை நாட்களில் சரிபார்ப்போம்."

"பத்து நாளா? ஆட்டமே இந்த ஞாயித்துக்கிழமைம்மா. அறிவிருக்கா உனக்கு? அவ சர்டிபிகேட்டுக்கு நான் எங்க போவேன்?"

"இறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், ஐயா."

"வேற வழியே இல்லையா?"

"தற்சமயம் திரையில் காட்டவில்லை, ஐயா. அந்த எண்ணை இப்போது வேறு யாராவது வைத்திருந்தால், அவரை அழைத்துக் கேட்டுப் பார்க்கலாம்."

அவன் வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை முனகினான், செருமினான், வைத்துவிட்டான்.

இடைவேளை விளக்கு எரிந்தது. போன்களை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் வெளி நடையில் தகரப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. தன்னுடையதைத் திறந்தபோது போன் ஏற்கெனவே துடித்துக்கொண்டிருந்தது. திரையில் 'அண்ணா' என்று இருந்தது.

இந்த ஒரு அழைப்புக்குத்தான் அவள் காத்திருந்தாள். எடுத்தாள், பேசவில்லை.

"என்னம்மா, எப்படி இருக்கே?" குரலில் தேன் ஒழுகியது. சற்று முன் மாட்டைப் பற்றிப் பேசிய அதே வாய். "பாப்பா எப்படி இருக்கா? நல்லா வளர்ந்திருப்பாளே?"

அவள் கண் கலங்கிவிட்டது. சனியன், அந்த நேரத்திலும் கலங்கியது. மகளைப் பற்றி இன்னும் ஒரு கேள்வி கேட்கட்டும், என்ன படிக்கிறாள் என்று கேட்கட்டும், எண்ணைக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

"ஒண்ணுமில்ல, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு. இப்ப மறுபடி அனுப்பியிருக்கேன். சட்டுனு படிச்சுச் சொல்லு, அவசரம். ஒரு நாள் வீட்டுக்கு வா, பாப்பாவையும் கூட்டிட்டு வா. கல்யாணமெல்லாம் முடியட்டும், அப்புறமா வா. இப்ப வேணாம்."

நம்பர் வந்திருந்தது. ஆறு இலக்கம், அடியில் அந்த வழக்கமான வரி. அவள் அதைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று, மேஜைக் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"மன்னிக்கவும், ஐயா. இந்த எண்ணுக்கு உரியவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

இந்தத் தடவை அவன் செருமவில்லை. "நீ... நீயா அது?" என்று ஆரம்பித்தான்.

வைத்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளாக வைத்த முதல் அழைப்பு அது. போனைத் தகரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். உள்ளே அது உடனே அதிர ஆரம்பித்தது. நின்றது, மறுபடி அதிர்ந்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனாள். டப்பாவைத் திறந்து கடைசிப் பருக்கைவரை நிதானமாகச் சாப்பிட்டாள், கை கழுவினாள், தண்ணீர் குடித்தாள். திரும்பி வரும்போதும் பெட்டி அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. திரும்பிப் பார்க்காமல் கூடத்துக்குள் நுழைந்து, மேஜையில் உட்கார்ந்து அடுத்த லைனை எடுத்தாள்.