பெயர் போடாத மூட்டை

ஹல்துமுல்லைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஷுக்ரி நானாவைக் கஞ்சன் என்று திட்டாத ஆள் கிடையாது. அரிசி அளந்தால் கொத்துப் படியின் தலையை உள்ளங்கையால் வழித்துவிட்டுத்தான் கொட்டுவார். கையேந்தி வருகிறவனை "நாளைக்கு வாங்க" என்று அனுப்புவார். நாளைக்கு வந்தாலும் அதையேதான் சொல்வார். ஊர் வாய்க்கு வந்தபடி ஏசும். நானா அதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். ஏனென்றால் அந்த மனிதர் பன்னிரண்டு வருஷமாக, மாதம் தவறாமல், கஷ்டப்படுகிற ஏதாவது ஒரு வீட்டுக்கு அரிசியோ துணியோ அனுப்பிக்கொண்டிருந்தார். அது மனைவி பலீலாவுக்கும் வண்டிக்காரன் ஸரூக்குக்கும் மட்டும் தெரியும். வெளியே மூச்சு விடுவதில்லை என்று ஸரூக்கிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

மறைத்துக் கொடுப்பதே மேலானது என்று சின்ன வயதில் குர்ஆன் ஓதும்போது கேட்டதை நானா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிடித்ததில் தப்பில்லை. பிடித்த கையில் கொஞ்சம் கர்வமும் ஒட்டிக்கொண்டதைத்தான் அவர் கவனிக்கவில்லை.

சுற்றியிருந்த ஊரும் அந்தக் கர்வத்துக்கு நன்றாகவே தீனி போட்டது. வெள்ளைக்காரத் துரைமாருடைய தேவாலயத்தில், ஜன்னலுக்குக் கண்ணாடி கொடுத்தவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டிச் சுவரில் அறைந்திருந்தார்கள். விகாரையில் தானம் கொடுத்த குடும்பத்தின் பெயரை எல்லோரும் கேட்கச் சொல்லி, அந்தப் புண்ணியத்தை அவர்கள் வீட்டுச் செத்தவர்களுக்கும் பங்கு வைத்தார்கள். தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வேலைக்கு ஆள் கூட்டிவந்து மேய்க்கிற பெரிய கங்காணி ரெங்கசாமி மணியில் ஓர் உபயம், வாசற்படியில் ஓர் உபயம், குத்துவிளக்கில் ஓர் உபயம் என்று தன் பெயரைப் பொறித்து வைத்திருந்தார். எண்ணெய்க் கரண்டியைக்கூட விடவில்லை.

"அம்மன் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரெங்கசாமிட பேரத்தான் பாக்கணும்" என்று நானா பலீலாவிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் தன்னுடைய தர்மத்தை நினைத்துக்கொள்வார். அப்போது அவர் முகத்தில் வரும் திருப்தியைப் பார்த்தால் பலீலாவுக்கு எரிச்சலாக இருக்கும்.

துரைமாருடைய பெரிய யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அரிசிக்குப் பஞ்சம் வந்தது. கப்பல் வருவது குறைந்தது. காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் அரிசி என்று தோட்டங்களில் சட்டம் போட்டார்கள். தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த மேல் லயத்து மாரிசாமியின் பெண்சாதி இராக்கம்மா காய்ச்சலில் விழுந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுக்கு அரிசி இல்லை. மாரிசாமி ஒருவனுக்குக் கிடைத்ததில் இரண்டு பிள்ளைகளும் அவனுமாகக் கஞ்சி குடித்தார்கள். ஒருநாள் அவன் கடைக்கு உப்பு வாங்க வந்தபோது, தரையில் சிந்திக் கிடந்த அரிசியை அவனுடைய சின்ன மகள் பொறுக்கி வாயில் போட்டதை நானா பார்த்தார். பார்க்காதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு மூட்டை அரிசி கட்டினார்.

அந்த இடத்தில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் குறுக்கே வந்தது. கடைச் சாக்குகளில் அவருடைய எழுத்து மசியால் குத்தியிருக்கும். அதில் அனுப்பினால் ஆள் தெரிந்துவிடும். தோட்டத்தில் காலிச் சாக்குகளை விற்பார்கள்; அவற்றை வாங்கித்தான் அவர் கிழங்கு கட்டுவது வழக்கம். அதில் ஒன்றை உதறி எடுத்து அரிசியைக் கொட்டிக் கட்டினார். தோட்டத்துச் சாக்கு தோட்டத்தில் கிடந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தார். பத்து மணிக்கு மாரிசாமி மலையில் வேலையாக நின்றான், பிள்ளைகள் தோட்டத்துப் பிள்ளைகளைக் கவனிக்கும் ஆயாவிடம் இருந்தார்கள். லயத்தில் ஆளில்லாத அந்த நேரத்தில் ஸரூக் போய் மூட்டையை மாரிசாமியின் ஒற்றை அறைக் காம்பராவின் கதவுக்கு உள்ளே தள்ளிவிட்டு வந்தான்.

மாரிசாமி அதை மாரியம்மன் கொடுத்தது என்றே நம்பினான். வேறு யார் கொடுப்பார்கள்? சாமி கொடுத்ததைத் தனியாகத் தின்னக்கூடாது என்று பக்கத்துக் காம்பராக்களுக்கும் ஆளுக்கொரு கொத்து அளந்து கொடுத்தான். அதனால் விஷயம் லயம் முழுக்கத் தெரிந்தது.

புதன்கிழமை தோட்டத்துத் துரை அரிசிக் கிடங்கைப் போய்ப் பார்த்தார். மூன்று மூட்டை குறைந்தது. அந்த மூன்றும் எங்கே போயின என்று கிடங்குச் சாவியை மடியில் வைத்திருந்த ரெங்கசாமிக்குத் தெரியும். மாசித் திருவிழாவில் ஊரே மெச்சச் சோறு போட்டாரே, அந்த அண்டாக்களில் வெந்துபோயின. பந்தலில் அவர் பெயரை எழுதிய துணி ஒரு வாரம் ஆடிக்கொண்டிருந்தது. துரை கேட்டதும் ரெங்கசாமி லயங்களைச் சோதனை போடச் சொன்னார். வியாழக்கிழமை, மாரிசாமியின் காம்பராவில் தோட்டத்து முத்திரை குத்திய சாக்கு பாதி அரிசியோடு அகப்பட்டது.

"ஏதுடா இது?" என்று கேட்டார்கள்.

"ஆத்தா குடுத்ததுங்க" என்றான் மாரிசாமி.

அந்தப் பதிலுக்குக் கன்னத்தில் இரண்டு அறை விழுந்தது. சனிக்கிழமைப் பெரட்டில் தீர்ப்பு என்று துரை சொல்லிவிட்டார். ஒன்று பதுளைக்கு அனுப்பிச் சிறை, இல்லாவிட்டால் துண்டு கொடுக்காமல் தோட்டத்தைவிட்டு விரட்டுவது. துண்டுச் சீட்டு இல்லாத ஆளை வேறெந்தத் தோட்டமும் வாசலில்கூட நிறுத்தாது.

ஸரூக் மூச்சிரைக்க ஓடிவந்து இதைச் சொன்னான். "நானா, எழும்புங்க. துரைட்ட போய் ஒரு பேச்சுச் செல்லிடுங்க. அந்த மனுசன் அழியப் போறார்."

நானா எழும்பவில்லை. அவருக்கு மாரிசாமி மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. ராத்திரிச் சாப்பாடுகூட இறங்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்த தர்மத்தைத் துரை முன்னால் போய் "நான் கொடுத்தது" என்று விரித்துக் காட்டினால், அப்புறம் ரெங்கசாமிக்கும் தமக்கும் என்ன வித்தியாசம்? அதைத்தான் அவர் மாற்றி மாற்றி யோசித்தார். ஒரு மனிதன் கன்னம் வீங்கிக் கிடக்கையில் இவருக்கு இந்த யோசனை. கேட்கிற நமக்கே கை பரபரக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் லெப்பையிடம் போனார். அங்கேயும் மறைத்துத்தான் கேட்டார்.

"ஒராள் மறைச்சி ஸதகா தர்மம் குடுத்தீக்கிறார்ண்டு வெச்சிக்கோங்க. பொறகு அத வெளிய செல்லினா நன்மை ஈக்குமா?"

"எதுக்குச் செல்லணும்? குடுத்தத செல்லிக் காட்டினா நன்மை கரைஞ்சிடும்" என்றார் லெப்பை. "மறைச்சத மறைச்சபடி உடச் செல்லுங்க."

கேட்ட கேள்விக்குச் சரியான பதில். "ஒரு அப்பாவியைக் கள்ளன் என்கிறார்கள்" என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால், லெப்பை செருப்பைக்கூட மாட்டவிடாமல் அவரை மலைக்கு விரட்டியிருப்பார். நானா அந்த ஒரு வார்த்தையைச் சேர்க்கவில்லை. வேண்டிய பதில் கிடைத்த நிம்மதியோடு வீட்டுக்கு நடந்தார்.

"லெப்பைட்ட முழுக்கச் செல்லினீங்களா?" என்று பலீலா கேட்டாள்.

"செல்ல வேண்டியதச் செல்லினேன்."

"அப்ப செல்லல்ல" என்றாள் அவள். "நீங்க நன்மைய வெச்சிக்கிட்டு ஈங்க. அந்தப் புள்ளைகள் ரெண்டும் ரோட்டுல நிக்கட்டும்."

சனிக்கிழமை விடியற்காலையில் ஸரூக் வந்து நின்றான். "நானா, என்ட சத்தியத்தையாவது உட்டுத் தாங்க. நான் போய்ச் செல்லுறேன். எனக்கு நன்மையும் வாணாம் ஒண்டும் வாணாம்."

"முதல்ல என்ன நடக்குதுண்டு பாத்துட்டு வா" என்றார் நானா.

ஸரூக் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். பெரட்டுக்களத்தில் முந்நூறு பேர் நின்றார்களாம். துரை பொலிசுக்கு ஆள் அனுப்பச் சொன்னாராம். அப்போது ரெங்கசாமி தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாராம். "தொரைங்களே, இவன் நான் கூட்டியாந்த ஆளு. மூணு மூட்டைக்கும் நானே பொறுப்பு. செயிலு வேணாம், புள்ளகுட்டிக்காரன், தொரத்தி மட்டும் விட்ருங்க" என்றாராம். கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். தர்மவான் என்றார்களாம். மாரிசாமியைப் பிடித்து அவர் காலில் விழ வைத்தார்களாம்.

"உழுந்தாரா?" என்று நானா கேட்டார்.

"தள்ளினாங்க, உழுந்தார்" என்றான் ஸரூக். பிறகு வண்டியை அவிழ்க்கப் போவதாகச் சொல்லிப் போனவன் திரும்பி வரவேயில்லை. வேறொரு முதலாளியிடம் சேர்ந்துகொண்டான்.

பத்து மணி வாக்கில் அவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். மாரிசாமி தலையில் ஒரு மூட்டைத் துணி, இடுப்பில் சின்னவள். பெரியவனின் தோளைப் பிடித்துக்கொண்டு இராக்கம்மா. காய்ச்சல் விடாத பெண்ணையும் ஆஸ்பத்திரியிலிருந்து எழுப்பி அனுப்பியிருந்தார்கள். கடை வாசலில் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க நானா" என்றான் மாரிசாமி. அவன் வேறொன்றும் கேட்கவில்லை.

பலீலா உள்ளேயிருந்து சுடுதண்ணீர் கொண்டுவந்து இராக்கம்மாவின் வாயில் வைத்தாள். கடையில் நாலைந்து பேர் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நானா அவர்களுக்கு அவசர அவசரமாக அளந்து கொடுத்து அனுப்பினார். கடைசி ஆள் படியிறங்கியதும் இரண்டு கொத்து அரிசியைப் பையில் கொட்டி மாரிசாமி முன்னால் வைத்தார். குரலை இறக்கினார்.

"மாரிசாமி, அந்த மூட்டைய அனுப்பினது நான்தான்."

அடிக்க வருவான் என்றுதான் நானா நினைத்தார். மாரிசாமியின் முகத்திலோ சந்தோஷம் பொங்கியது. நானாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"நெசமாவா நானா? அப்ப நான் திருடலேன்னு உங்களுக்குத் தெரியும்! இந்தா புள்ள, கேட்டியா? நானாதான் குடுத்தாராம்!" பிறகு கொஞ்சம் நின்று, "எனைய புடிச்சது எப்ப தெரியும் நானா உங்களுக்கு?" என்று கேட்டான்.

"வியாழக்கிழம."

சந்தோஷம் மெல்ல வடிந்தது. "ஏன் சொல்லல?"

"மறைச்சிக் குடுத்தத வெளிய செல்லினா நன்மை போயிடும்…"

"யாருக்குங்க?"

மாரிசாமி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சரி, போனது போவுது. இப்ப வாங்க. அந்தா, நம்ம தோட்டத்து ஆளுங்க அம்புட்டுப் பேரும் கடத்தெருவுலதான் நிக்கிறாங்க. வாசல்ல நின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அரிசி உங்களுதுன்னுகூட சொல்ல வேணாம். மாரிசாமி திருடலேன்னு மட்டும் சொல்லுங்க நானா."

நானா எழுந்து வாசல்வரை வந்தார். பெரட்டோடு வேலை விட்ட சனிக்கிழமைக் கூட்டம். மேலேயிருந்து ரெங்கசாமி குடை பிடித்து இறங்கி வந்துகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் ஒதுங்கிக் கும்பிட்டார்கள். நானா வாயைத் திறந்தார். இப்போது அவரைத் தடுத்தது நன்மை அல்ல. சொன்னால், இரண்டு நாள் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவர் என்பதும் சேர்ந்து வெளியே வரும். அந்த வெட்கத்தை அவரால் தாங்க முடியாது.

"பொறகு துரைட்ட ஆறுதலாச் செல்லுறேன் மாரிசாமி" என்றார் மெதுவாக.

மாரிசாமி சின்னவளை மறுபடி இடுப்பில் தூக்கிக்கொண்டான்.

"கங்காணி ஐயா முந்நூறு பேரு முன்னால எனையக் கள்ளன்னாரு. நீங்க இல்லேன்னு என் காதுல வந்து சொல்றீங்க."

அரிசிப் பையை அவன் தொடவில்லை. இராக்கம்மாவைக் கைகொடுத்துத் தூக்கினான். நாலு பேரும் கொஸ்லாந்தைப் பாதையில் இறங்கிப் போனார்கள். பலீலா வாசலில் நின்று அவர்கள் வளைவில் மறையும்வரை பார்த்தாள்; புருஷன் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரெங்கசாமி கடை முன்னால் வந்து குடையை மடக்கினார். பின்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள்.

"என்ன நானா, அந்தக் கள்ளப்பய உங்ககிட்ட என்ன கேட்டான்?"

"சுடுதண்ணி."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன்" என்றார் ஷுக்ரி நானா. குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது; தெருவில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சொன்ன தர்மம் அது ஒன்றுதான்.