கயிறு பிடிக்க ஒரு மச்சான்

ரோச்சுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் கம்பெனி கிளார்க் ஜீவமணி கேள்வித்தாளை வாசிக்க, ரோச் வாயால் பதில் சொன்னான். எழுபத்து மூணாம் வருசம் அது. புது ஹார்பரில் கப்பல் தளம் கட்டிய கம்பெனிக்குத் தண்ணீருக்கு அடியில் வேலை பார்க்க ஒரு டைவர் வேண்டும். வருசம் பூரா வேலை. ரோச் கடலில் முங்கிச் சங்கெடுக்கும் சங்குகுளி அஞ்சு மாசம்தான். மிச்ச ஏழு மாசமும் பாதம் வெடிக்க உப்பளத்தில் உப்பு வாருகிறவனுக்கு அது சின்ன விசயமில்லை.

"ஆழத்துல பயம் வருமா?"

"வரும்."

"துணையில்லாம தனியா வேலை செய்யப் பிடிக்குமா?"

"பிடிக்காது."

"புது ஆட்களைச் சட்டுன்னு நம்புவீரா?"

"நம்புனா சாக வேண்டியதுதான்."

ஜீவமணி டிக் அடித்துக்கொண்டார். மறுநாளே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"வே, பேப்பர் என்ன சொல்லுது தெரியுமா? நீரு பயந்தாங்கொள்ளி. அடுத்தவன் முதுகுல தொத்திக்கிட்டுப் போற ஆளு. போதாததுக்குச் சந்தேகப் பிராணி."

"இருவது வருசமா எட்டுப் பாகம் ஆழம் முங்குதேன். நானா சார்வாள் பயந்தாங்கொள்ளி?"

"பயம் வரும்னு நீருதான சொன்னீரு?"

"வராம? பயமில்லாத பய இன்னொரு சங்கு, இன்னொரு சங்குன்னு அடியிலேயே கெடந்து செத்துப்போவான். பயந்தான நம்மள மேல ஏத்தி விடுது."

ஜீவமணி சாயர்புரத்துக்காரர், படித்தவர். பேனா முனையால் காதைச் சொறிந்தார். "எங்கயோ வெள்ளைக்காரன் அவன் ஊரு காலேஜ் பிள்ளைகளுக்குப் போட்ட கேள்வி. பம்பாய் ஆபீஸ் அனுப்பிச்சு, நான் தமிழாக்கினேன். அங்க தனியா நிக்கிறவன்தான் கெட்டிக்காரன் போல."

"அவன் மச்சான் இல்லாமயா முங்குவான்?"

ரோச்சின் ஊரான திரேஸ்புரத்தில் முங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான். பிடி நழுவினால் தாலி அறுக்கப்போவது அவன் அக்காளோ தங்கச்சியோ. ரோச்சுக்குப் பதினோரு வருசமாக பிலோமினாவின் தம்பி வளன் பிடிக்கிறான். வளன் சளி பிடித்துக் கிடந்தால் ரோச் கடலுக்கே போவதில்லை.

ஜீவமணி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இன்னொரு தாளை எடுத்தார். "அந்த மூணையும் மாத்திச் சொல்லும். அதிகாரி நாளைக்குத்தான் பாப்பாரு."

"அங்கன கயிறு யாரு பிடிப்பா?"

"எவனுக்கு ஷிப்டோ அவன்."

"வளனச் சேத்துக்கிடுவியளா?"

"அதுக்கெல்லாம் இடமில்ல வே."

அந்தப் பேப்பர் அப்படி ஒன்றும் மடத்தனமானதில்லை என்று ரோச்சுக்குத் தோன்றியது. எவன் கையிலும் உயிரைக் கொடுத்துவிட்டு இறங்குகிற ஆள்தான் கம்பெனிக்கு வேண்டும். அது நீ இல்லை என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் பாதத்தில் உப்புப் புண் எரிந்தது.

பயம் வராது. தனியாகச் செய்வேன். எல்லாரையும் நம்புவேன். மூன்று பொய். சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

வேலை கிடைத்தது.

முதல் நாள் மிதவையில் கயிற்றோடு நின்றவன் தாணுலிங்கம். ஆற்றங்கரை வயல்காட்டு ஆள். ரோச் வயசுதான் இருக்கும். கடலைப் பார்த்தே ஆறு மாசம்தான் ஆகிறது. மாட்டைப் பிடிப்பது போலக் கயிற்றைப் பிடித்திருந்தான். ரோச் மாட்டிய தலைக்கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"ஏலே தாணு, எம் பொண்டாட்டிய நீ பாத்திருக்கியா?"

"உம்ம பொண்டாட்டிய நான் எதுக்குவே பாக்கணும்?"

மிதவையே சிரித்தது.

"பாக்கணும். மத்தியானம் வீட்டுக்கு வா. பெறவுதான் முங்குவேன்."

சூப்பர்வைசர் கத்தினார். "இவனையா தனியா வேலை பாப்பான்னு எழுதியிருக்கு?" ஜீவமணி கடலைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு நீ தண்ணியில இல்லன்னா உன் சீட்டக் கிழிச்சிருவேன்" என்று சூப்பர்வைசர் ரோச்சிடம் திரும்பினார்.

பிலோமினா சோறும் சாளை மீன் குழம்பும் வைத்தாள். தாணுலிங்கம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள்.

"கூடப்பிறந்தவுக இருக்காவளாண்ணே?" என்று கேட்டாள்.

"ஒரு தங்கச்சி. ஏரல்ல கெட்டிக் குடுத்திருக்கு."

"அவ மாப்பிள்ள முங்குனா எப்படிப் பிடிப்பியளோ, அப்படிப் பிடிங்க."

தாணுலிங்கம் சோற்றைப் பிசைந்தான். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ரெண்டு மணிக்கு ரோச் இறங்கினான். கலங்கல் தண்ணீர்; கையால் தடவித்தான் அடித்தளக் கல்லைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பாதி வேலைகூட ஆகவில்லை, மேலே வா என்று கயிறு ரெண்டு தடவை வெட்டி இழுத்தது. என்னமோ ஏதோ என்று ஏறினான்.

"ஏம்லே இழுத்த? இன்னும் நேரம் கெடக்கே!"

தாணுலிங்கத்தின் உள்ளங்கை இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன. இன்னும் கயிற்றை விடவில்லை.

"எனக்குப் பயமா இருந்திச்சு மச்சான்" என்றான்.