ஐந்தாவது வெடி

கூடலூரிலிருந்து மேலேறும் மலைச்சாலை வேலையில் பாறைக்கு வெடி வைக்கிறவன் பால்பாண்டி. துளை போட்டு, மருந்தை இடித்து அடைத்து, திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடி ஒளிய வேண்டும். ஒளிந்த இடத்திலிருந்து சத்தத்தை எண்ண வேண்டும். வைத்தது எத்தனையோ அத்தனையும் வெடித்த பிறகுதான் கல் பொறுக்கும் பெண்கள் உள்ளே போகலாம்.

சித்திரையில் ஒருநாள் வைத்தது ஏழு, கேட்டது ஆறு.

"மழைக்குள்ள முடிக்கணும். போய்ப் பாருங்கலே," என்று காண்டிராக்டர் ஞானசிகாமணி விரட்டினார். பால்பாண்டிக்குக் கால் எழவில்லை. கூட்டாளி சுருளியாண்டி போனான். துளைமேல் அவன் குனிந்தபோது அது வெடித்தது.

அன்றிலிருந்து பால்பாண்டி பழைய ஆளாக இல்லை. யாராவது சட்டியைக் கீழே போட்டால் பாறைக்குப் பின்னால் போய்ப் பதுங்கினான். உண்ண உட்கார்ந்தால் கை ஆடி, கஞ்சி மார்பில் கொட்டியது. அங்கேயே கல் பொறுக்கும் அவன் மனைவி பிச்சையம்மாள், ஒரு வாரம் பார்த்துவிட்டு, அவனுக்காகக் காண்டிராக்டரிடம் போய்க் கெஞ்சினாள்.

"ரெண்டு நாள் படுக்கச் சொல்லு. சாராயம் குடுத்து விடுதேன்," என்றார் அவர்.

இரண்டு நாள் கழிந்தது. சாராயமும் தீர்ந்தது. நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் ஞானசிகாமணி குடிசை வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏலே, வேசம் போடுதியா? வெடி வைக்க உன்னய விட்டா எனக்கு ஆளு இல்லன்னு தெனாவட்டா? புத்தி பெரண்டு போச்சுன்னு தாசில்தாருக்கு எழுதிப் போட்டேன்னா, மதராசு பைத்தியக்கார ஆசுபத்திரியில காலுக்குச் சங்கிலி போட்டு அடைச்சிருவாக. பொறகு பொண்டாட்டி மொகத்தையே பாக்க மாட்ட."

பால்பாண்டிக்குச் சங்கிலி என்ற சொல்லே போதுமாக இருந்தது. எழுந்து வேலைக்குப் போனான்.

ஐந்து துளைகள். முதல் நான்கு திரிகளை எப்படியோ பற்றவைத்தான். ஐந்தாவதில் கை உதறி, நெருப்பு இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை திரி பிடித்துப் புகைந்ததைக் கண்ணால் பார்த்தான். பார்த்த பிறகே ஓடினான்.

மலை அதிர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

அப்புறம் மண் சரியும் சத்தம் மட்டும்தான்.

"அஞ்சும் போயிருச்சு. பொம்பளைக எறங்குங்க," என்றார் ஞானசிகாமணி.

"மொதலாளி, நாலுதான்! ஒண்ணு பாக்கி!"

"கடைசி ரெண்டும் சேந்து வெடிச்சிச்சுலே. ஒன் காது ஒன் வசத்துலயா இருக்கு?"

யாரோ சிரித்தார்கள். பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். முன்னால் போனவள் பிச்சையம்மாள். பால்பாண்டிக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ? பத்து நாளாக இல்லாத சத்தமெல்லாம் கேட்கிறதே, இருந்த சத்தம் கேட்காமல் போயிருக்குமோ? தன்னையே நம்ப முடியாத அந்த நொடியில் வந்த பயம், வெடிமேல் இருந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஆனாலும் ஓடிப்போய் வழியை மறித்துக் கைகளை விரித்துக்கொண்டு நின்றான்.

"போகாதீக! போகாதீக ஆத்தா!"

"பைத்தியத்தப் பிடிச்சு அந்த மரத்துல கட்டுங்கலே!" என்று கத்தினார் ஞானசிகாமணி.

இரண்டு ஆட்கள் அவனை இழுத்துப் போய் மருத மரத்தோடு சேர்த்துக் கயிறு சுற்றினார்கள். அவன் மனைவியை மட்டும் பார்த்தான். பிச்சையம்மாளும் பயந்துதான் போயிருந்தாள். தூக்கத்தில் அலறுகிற இந்த மனுசனைக் கண்டும் அவளுக்குப் பயம், காண்டிராக்டரைக் கண்டும் பயம்.

"திரி புகைஞ்சதப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன் பிச்ச. ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

அவள் கூடையைக் கவிழ்த்து, பாதையின் நடுவில் அதன்மேல் உட்கார்ந்தாள். "நான் போகல. என்னயத் தாண்டி எவளும் போகாதீக."

ஞானசிகாமணி வைதார். வேலையை விட்டே நிறுத்துவதாகச் சொன்னார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். அவர் பிச்சையம்மாளின் தோளைப் பிடித்துத் தூக்கப் போனபோது, ஐந்தாவது வெடித்தது.

புழுதி அடங்கியது. பெண்கள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் மாட்டுவண்டி அளவுக்கு ஒரு கல் உருண்டு கிடந்தது. ஞானசிகாமணி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவுத்து விடுங்கலே. பால்பாண்டி, ஒன் கணக்குத்தான்டா கணக்கு. நாளையில இருந்து அத்தன வெடியையும் நீயே பாத்துக்க."

அதைக் கேட்டதும் பால்பாண்டி கட்டுக்குள் இருந்தபடியே, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கயிற்றைப் பிச்சையம்மாள்தான் அவிழ்த்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கினாள். பின்னாலிருந்து காண்டிராக்டர் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அந்தக் கை அவள் கைக்குள் துள்ளியது.

ஊர் ஊராக வேலை கேட்டு, ஓடைப்பட்டிப் பக்கம் ரோசம்மாள் என்கிற கிறிஸ்தவ விதவையின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிச்சையம்மாள் எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும், இங்கிருந்தும் விரட்டத்தான் போகிறார்கள் என்று பால்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரோசம்மாள் அவனைத்தான் கேட்டாள்: "எந்த வேல செஞ்சா ஒனக்குப் பயம் வராதுப்பா?"

இதுவரை யாரும் அவனிடம் கேட்காத கேள்வி. வெகுநேரம் யோசித்தான். அவள் அவசரப்படுத்தவில்லை.

"தண்ணி பாய்ச்சுவேன் ஆத்தா," என்றான். "ஆனா மாடு கட்டித் தண்ணி எறைக்கிற கமலைப் பக்கம் வேணாம். அது திடுதிடுன்னு சத்தம் போடும்."

"சரி, கமலைய வேற ஆளு பாக்கட்டும். நீ வாய்க்காலப் பாத்துக்க," என்று சொல்லி, மூலையில் கிடந்த மண்வெட்டியைக் காட்டினாள்.