போகச் சொல்லும் பேச்சு

கஞ்சியைக் கரண்டியால் ஆற்றிக்கொண்டே லால்மதி நிலைப்படியைத் தாண்டியபோது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. நேற்று முழுக்கக் கண்ணைத் திறக்காத புருஷன் அஜம்பர் சிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் சளி உருளுகிற சத்தம்தான். ஆனாலும் அது சிரிப்பு. இத்தனை வருஷம் கூடப் படுத்தவளுக்குத் தெரியாதா?

தலைமாட்டில் தில்குமாரி உட்கார்ந்திருந்தாள். அஜம்பருக்கு அக்கா, லால்மதிக்கு நாத்தனார். பிறந்த வீட்டு யாக்கா பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், லால்மதியின் நிழல் விழுந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"என்ன மதினி, என்ன சொன்னீக?"

"ஒண்ணுமில்ல. சின்னதுல இவன எருமை முட்டித் தள்ளுனத சொன்னேன்."

"எனக்கும் சொன்னா நானும் சிரிப்பேன்லா."

"நேபாளில சொன்னா அதுல சிரிப்பு வராது, புள்ள."

லால்மதி தாமாங் குலத்துப் பெண். தகரமும் உப்பு மூட்டையும் மலையேற்றுகிற சுமை வழியில்தான் அஜம்பரைப் பார்த்தாள். நெற்றிப் பட்டையில் பாரத்தைத் தொங்கவிட்டபடி, நிமிர முடியாமல், ஒருவர் கால்களை ஒருவர் பார்த்துக்கொண்டே இருவரும் பேசிய பேச்சு, இரண்டு பேருக்கும் பொதுவான நேபாளி. கல்யாணம், பிள்ளை, ஏலக்காய்க் கன்று, சண்டை எல்லாம் அதிலேயே நடந்தது. அவளுக்கு அது குறையாகத் தெரியவில்லை, தில்குமாரி வராத நாட்களில்.

தில்குமாரி வாழ்க்கைப்பட்டது எதிர்மலையில், லிம்பு பேசுகிற ஊரில். தசைன் பண்டிகைக்கும் அறுவடைக்கும் வருவாள். வந்த உடனே அக்காளும் தம்பியும் அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்து, கேழ்வரகு ஊறலை உறிஞ்சிக்கொண்டு, அந்தப் பாஷையைத் திறந்துகொள்வார்கள். அஜம்பரின் குரலே மாறிவிடும். வேகமாகப் பேசுவார், கையை ஆட்டுவார், யாரையோ நடித்துக் காட்டுவார். அப்படி ஒரு ஆள் தன் புருஷனுக்குள் இருப்பது லால்மதிக்குத் தெரியும். அந்த ஆள் அவளிடம் ஒரு நாளும் வந்ததில்லை. பன்றிக்கறியைக் கிண்டிக்கொண்டே அவள் முதுகால் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு தரம், "எனக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்றாள். "இத வச்சு நீ என்ன செய்யப் போற? பஜார்ல உப்புக்கூட வாங்க முடியாது" என்று சிரித்துவிட்டார்.

கஞ்சிக் கரண்டியை நீட்டினாள். அஜம்பர் வாயைத் திறக்கவில்லை. முகத்தை அக்காள் பக்கம் திருப்பி ஏதோ முனகினார். தில்குமாரி குனிந்து பதில் சொன்னாள். திரும்ப அவர் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுதாரு?"

"தண்ணி கேக்கான்."

"தண்ணிக்கா இம்புட்டுப் பேச்சு?"

"வெந்நீ வச்சிருக்கியா? ஒரு செம்பு கொண்டா. துடைச்சு விடணும்."

லால்மதி எழுந்து போனாள். தன் வீட்டில், தன் அடுப்புக்கு, நாத்தனார் ஏவி, தான் போவதை நினைத்துக்கொண்டே ஊதுகுழலை எடுத்து ஊதினாள். விறகு ஈரம். செம்போடு திரும்பி வந்தபோது தில்குமாரி தம்பியின் இமைகளை விரலால் மூடிக்கொண்டிருந்தாள்.

செம்பைக் கீழே வைக்க லால்மதிக்குத் தோன்றவில்லை.

"எப்போ?"

"இப்பத்தான்."

"என்னைய ஒரு சத்தம் கூப்பிட்டிருக்கலாம்லா."

"அதுக்குள்ள போயிட்டான்."

"என்னமும் சொன்னாரா?"

தில்குமாரி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "பன்னிக்குத் தவிடு வச்சாச்சான்னு கேட்டான்."

லால்மதி நம்பவில்லை. வெந்நீரை அவளிடம் கொடுக்காமல் தானே துணியை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தாள். பால் வாங்கிக்கொள்வதுபோலச் சாவையும் தில்குமாரியே வாங்கி வைத்துக்கொண்டுவிட்டாள். இனி அதிலிருந்து சொட்டுக்கூட இந்தப் பக்கம் வராது.

மகன்கள் இருவரும் கத்தாரில் கட்டிட வேலையில் இருந்தார்கள். மூத்தவன் போனில் அழுதான். இளையவனுக்குப் போன் கிடைக்கவில்லை. கேழ்வரகு அறுப்பில் இருந்தவர்கள் அரிவாளோடு அப்படியே வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு ஹர்க்கமான் மூங்கில் வெட்டப் போனான். மதியத்துக்கு மேல் மங்பா வந்தார். செத்தவர்களுக்கு வழி காட்டுகிறவர். வெண்கலத் தட்டைத் தோளில் மாட்டியிருந்தார். கூப்பிட்ட இடமெல்லாம் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்த மனிதர்.

"குழியில போகச் சொல்லுதது யாரு?" என்று கேட்டார்.

கடைசி மண்ணுக்கு முன்னால், செத்தவரிடம் அவர் பாஷையில் மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். அதைக் கேட்காவிட்டால் தான் செத்தது தெரியாமல் மூன்று கல் அடுப்பைச் சுற்றிக்கொண்டிருப்பார்.

"நான் சொல்லுதேன்" என்று தில்குமாரி எழுந்தாள்.

"நீ சொல்லக்கூடாது, தாயி. மகன் சொல்லணும், இல்லன்னா அந்த வீட்டு அடுப்புக்காரி சொல்லணும். நீ வேற அடுப்புக்குப் போனவ. நீ சொன்னா அவன் உன் பின்னாலேயே உன் வீட்டுக்கு வந்துருவான்."

"வரட்டுமே."

சட்டென்று சொல்லிவிட்டாள். முற்றத்தில் யாரோ இருமினார்கள்.

"அவரு எதுக்கு உங்க வீட்டுக்கு வரணும்?" என்றாள் லால்மதி. குரல் உயரவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். "நான் சொல்லுதேன்."

"உனக்குத்தான் பேச்சு தெரியாதே" என்றாள் தில்குமாரி.

"நேபாளில சொல்லுதேன்."

மங்பா தலையை ஆட்டினார். "அவன் போறது அப்பன் ஆத்தாகிட்ட, தாலுகா ஆபீசுக்கா? அங்க யாருக்கும்மா நேபாளி தெரியும்? தில்குமாரி, மேல போறதுக்குள்ள நீயே இவளுக்குச் சொல்லிக் குடு."

மூங்கில் பாடை முன்னால் போனது. செங்குத்தான பாதையில் தில்குமாரி முன்னும் லால்மதி பின்னுமாக ஏறினார்கள்.

"உன் வழி மேல, எங்க வழி கீழ. அது மொதல்ல" என்று அர்த்தம் சொல்லி, பிறகு அதையே யாக்காவில் சொன்னாள் தில்குமாரி. லால்மதி திருப்பிச் சொன்னாள்.

"தொண்டையிலேர்ந்து சொல்லு. தாமாங்காரி மாதிரி இழுக்காத."

"நான் தாமாங்காரிதான், மதினி."

"திரும்பிப் பாக்காத. இது ரெண்டாவது." அதையும் யாக்காவில் வாங்கித் திருப்பிச் சொன்னாள் லால்மதி.

லால்மதிக்கு ஒரு சந்தேகம் வந்தது. நின்று, பின்னால் மூச்சு வாங்கியபடி ஏறிவந்த மங்பாவிடம் கேட்டாள்: "சரியாத்தான் சொல்லித் தாராகளா?"

கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரியாத்தான் தாரா. நட."

மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லித் தருவதற்கு முன் தில்குமாரி கொஞ்ச தூரம் சும்மா நடந்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: "பசிச்சாலும் வராத."

குழியோரம் லால்மதி மண்டியிட்டாள். ஹர்க்கமான் குழிக்குள் நின்று பக்கக் கல்லைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவள் முதல் வாக்கியத்தைச் சொன்னபோது அவன் நிமிர்ந்து, பேசுவது யாரென்று பார்த்தான். மேலே நின்ற தில்குமாரியைப் பார்த்தான். அவள் வாய் மூடியிருந்தது. தொண்டை, ஏற்றம், முடிக்கும்போது விழுகிற மூச்சு, எல்லாம் அப்படியே தில்குமாரியுடையது. பன்றிக்கறி கிண்டிக்கொண்டே முதுகால் கேட்டது அத்தனையும் லால்மதியின் வாயில் வந்து நின்றது. இரண்டாவதும் பிசகவில்லை.

அவர் பாஷையில் அவரிடம் அவள் முதல் தடவையாகப் பேசுகிறாள். மூன்றாவதைச் சொல்ல நேரமானது. மங்பா தட்டை அடிக்காமல் காத்திருந்தார். சொன்னாள். சொல்லி முடித்ததும் மண் விழ ஆரம்பித்தது. தில்குமாரி சால்வைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள்.

ஓடையில் ஆண்கள் மேலும் பெண்கள் கீழுமாக இறங்கிக் குளித்தார்கள். தண்ணீரின் குளிர் எலும்பைத் தொட்டது. லால்மதி தலைமுடியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"நெசத்தச் சொல்லுங்க, மதினி. கடைசில என்ன சொன்னாரு?"

"பன்னிக்குத் தவிடு வச்சாச்சான்னுதான் கேட்டான். நீ நம்பலன்னா நான் என்ன செய்ய?"

"அது மட்டுமா?"

"அது மட்டுந்தான். நானும் வேற ஏதாவது சொல்லுவான்னுதான் உன்னைய வெளிய அனுப்பிட்டு உக்காந்திருந்தேன்."

லால்மதி, தில்குமாரியின் முதுகில் ஒட்டியிருந்த மண்ணை ஒரு கை தண்ணீர் அள்ளிக் கழுவிவிட்டாள்.

இறங்கும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பாதை ஒற்றையடி. தில்குமாரி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வளைவு தாண்டியதும் அவள் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினாள், யாக்காவில், நிறுத்தி நிறுத்தி, பதிலுக்கு இடம் விடுவதுபோல. அவளுக்கு முன்னால் யாரும் போகவில்லை. பக்கத்திலும் யாரும் இல்லை. அவளுடைய மலையில் அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்க ஒரு ஆள் கிடையாது என்பது லால்மதிக்குத் தெரியும். ஆனாலும், அவரைக் கூப்பிடுகிறாளோ? தன் வீட்டுக்கு வரச் சொல்லுகிறாளோ?

இன்று கற்றுக்கொண்ட சொல் ஏதாவது விழுகிறதா என்று காது கொடுத்தாள், ஓடைச் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. லால்மதி ஈரச் சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு எட்டி நடந்தாள்.