வேணி மெதுவாக நடந்த இருபது நிமிடம்

1

இந்தக் கதை ஒரு டீத் தட்டிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். விழுப்புரத்தில் ஒரு பல்கலைக்கழகம் தன் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தை வகுக்க ஊழியர் எல்லோரையும் கூப்பிட்டிருந்தது. பேராசிரியர் முதல் தோட்டக்காரர் வரை ஆளுக்கொரு நாற்காலி, மேசைமேல் பெயர் அட்டை. திட்டத்தின் தமிழைச் சரிபார்க்க நானும் போயிருந்தேன். ஓர் அட்டையில் ‘வேணி, அலுவலக உதவியாளர், திண்டிவனம் மையம்’ என்றிருந்தது. நாற்காலியில் ஆளில்லை. அந்த வேணி எனக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கொடுக்கச் சொல்லவில்லை. கூட்டம் என்றால் கை தானாகத் தட்டை எடுத்துவிடுகிறது.

நான் கண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் கற்பனை.*

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “உயர்கல்வியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கவிருந்த அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க…”

வேண்டாம். வேணி கொட்டாவி விடுவார்.

மறுபடி. திண்டிவனம் மையத்தில் காலை ஒன்பதுக்கு மணி அடிக்கும். வகுப்பு வகுப்பாகப் போய் வருகைப் பதிவேட்டை வாங்கி அலுவலகத்தில் சேர்ப்பது வேணியின் வேலை. பதிவேடு வகுப்பைவிட்டுப் போனபின் வருகிற பிள்ளைக்கு அன்று வருகை கிடையாது. ஒலக்கூர்ப் பக்கத்துப் பஸ் வந்து நிற்பதோ ஒன்பது இருபதுக்கு. அதனால் மணி அடித்ததும் வேணி முதலில் குடிதண்ணீர்த் தொட்டியைப் போய்ப் பார்ப்பார். பிறகு மாடிப்படியைப் பெருக்குவார். ஒன்பது இருபத்திரண்டுக்கு முதல் வகுப்பு வாசலில் நிற்பார். ஆறு வருடமாக இப்படித்தான்.

“அக்கா, எடுத்துட்டியா?” என்று அந்தப் பஸ்ஸில் வரும் அஸ்வினி மூச்சிரைக்க ஓடி வருவாள். விடியலில் அம்மாவோடு கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிய மண் நகக்கண்ணில் இருக்கும்.

“இன்னும் இல்ல. மெதுவா வா. வுழுந்து வெச்சா அது வேற பேஜாரு.”

(ஒரு மனுஷியை இவ்வளவு நல்லவராக எழுதலாமா? எனக்கே சந்தேகம் வந்து அவருக்கு முன்கோபத்தைச் சேர்த்தேன். “நாளைக்கும் லேட்டா வந்தின்னா எடுத்துக்கினு போய்க்கினே இருப்பேன்” என்று அஸ்வினியிடம் எரிந்து விழுந்தார். மறுநாளும் பெருக்குவதற்கு மாடிப்படியில் தூசி இருந்தது.)

3

கூட்டத்தில் திட்டக்குழுத் தலைவர் பாண்டுரங்கன் வரைவை வாசித்தார். “முதலாம் ஆண்டு: காலை ஒன்பது மணிக்கு விரல்ரேகை இயந்திரத்தில் மாணவர் வருகைப்பதிவு.”

வேணி தட்டோடு அங்கேயே நின்றுவிட்டார். இயந்திரம் மாடிப்படி பெருக்காது. அஸ்வினிக்கு வருகை குறையும். பரீட்சை எழுத விடமாட்டார்கள். இதைச் சொல்ல வேண்டுமானால் அந்த ஆறு வருடத்தையும் சொல்ல வேண்டும். வேணி இன்னும் தற்காலிக ஊழியர்தான். வேலை நிரந்தரத்துக்கான அவருடைய கோப்பு பாண்டுரங்கன் கையெழுத்துக்குத்தான் காத்திருந்தது.

திண்டிவனத்திலிருந்து வண்டி ஓட்டி வந்த குமரேசன் தன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்திருந்தார். “இன்னா வேணிக்கா, ஒனக்குன்னு சேர் போட்டு வெச்சிருக்காங்க, நீ இன்னான்னா டீ ஊத்திக்கினு இருக்க? ஒன்ன கலெக்டரா ஆக்கினாலும் நீ டம்ளர் கழுவிக்கினுதான் இருப்ப.”

“சும்மா இரு குமரேசா. மனசே சரியில்ல.”

அப்போது திண்டிவனம் மையத்தின் தலைவர் புனிதா எழுந்து வந்து தட்டைப் பிடித்தார்.

“குடுங்க. மிச்சத்த நான் குடுக்கறேன்.”

“ஐயோ மேடம், நீங்க போயி…”

“ஒங்க டீயும் ஆறிக்கினு இருக்கு. ஜல்தி உக்காருங்க.”

வேணி உட்கார்ந்தார். இடுப்பில் செருகியிருந்த மயிலம் முருகன் திருநீற்றுப் பொட்டலத்தைத் தொட்டுக்கொண்டு மறுபடி எழுந்தார்.

“சார், நான் ஒரு தப்பு பண்ணிக்கினு வர்றேன். ஆறு வருசமா.” எல்லாவற்றையும் சொன்னார். தொட்டி, மாடிப்படி, ஒன்பது இருபத்திரண்டு. “மெஷினுக்கு ஒலக்கூர் பஸ்ஸு தெரியாது சார். எனக்குத் தெரியும். ஒம்பதரைக்கு வகுப்பு வெச்சீங்கன்னா மெஷினும் வைங்க, நான் வேணான்னு சொல்லல. என்னைய இன்னா பண்ணணுமோ பண்ணுங்க.”

“நம்ம மாடிப்படி ஏன் அவ்ளோ சுத்தமா இருக்குன்னு எனக்கும் தெரியும் சார்” என்றார் புனிதா, தட்டைக் கீழே வைக்காமல்.

4

முடிவு ஒன்று. எல்லோரும் கைதட்டினார்கள், வகுப்பு ஒன்பதரைக்கு மாறியது. எழுதிப் படித்தால் கைதட்டல் காதை அடைத்தது. நான் கடவுளை நம்புகிறவன். ஒரு கதையை முடித்துவைக்க இவ்வளவு சுளுவாக அவரை வேலை வாங்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முடிவு இரண்டு. மறுநாள் வேணிக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவர் அதை இரண்டாக மடித்துத் திருநீற்றுப் பொட்டலத்தோடு…

முடியவில்லை. பேனாவை மூடிவிட்டேன்.

முடிவு மூன்று என்று ஒன்றில்லை. பாண்டுரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமா, வேறேதாவதா, எனக்குத் தெரியவில்லை. வரைவில் அந்த வரிக்கு நேரே பேனாவை வைத்தபடி, “மத்தவங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்.

நீங்களும் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பெயர் அட்டையை முதல் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். வேணி கொடுத்த டீ உங்கள் முன்னால் இன்னும் சூடாக இருக்கிறது. அவர் இன்னும் உட்காரவில்லை.

சொல்லுங்கள்.

* முழுக்கவும் கற்பனை இல்லை. ஒருவர் எழுந்து வந்து அந்தத் தட்டை வாங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.